இன்புளூயன்சாவுக்கு எதிராகப் புரதச் சிறுதொடர்கள்: ஆராய்ச்சிச் சாலையோடு நின்றுவிடலாமா?

1957ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்து சேர்ந்த கப்பலொன்றில் பலர் காய்ச்சலுற்றிருந்தனர். 'ஆசிய இன்புளூயன்சா' என்று பெயர் பெற்ற அந்நோய் சில வாரங்களுக்குள் நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை அரசாங்கத்துக்கு அறிவிக்கப்பட்ட நோயாளிகளின் தொகை மட்டும் 44 லட்சத்துக்கு மேற்பட்டது. அந்நாளில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிவந்த இன்புளூயன்சா ஆராய்ச்சி மையம் அந்த வைரஸை ஆராய்ந்தது. ஆனால் நோயின் காரணம் தெரிந்தும், வைரஸை நேரே எதிர்க்கவல்ல மருந்து ஒன்றுகூட அன்று மருத்துவர் கையில் இல்லை. ஓய்வும், கஞ்சியும், காய்ச்சலைத் தணிக்கும் மாத்திரையுமே சிகிச்சையாக இருந்தன.

அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. இப்போது மருந்துகள் உண்டு; எனினும் அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள்ளும் முதலில் வந்த அமண்டடின் வகை, வைரஸ் மாறிக்கொண்டதனால் பயனற்றுப் போயிற்று. ஓசல்டாமிவிர் என்னும் மருந்து 1999 முதல் வழக்கில் உள்ளது. ஆயினும், 2007ஆம் ஆண்டின் இறுதியில் அதற்கு அடங்காத எச்1என்1 வைரஸ்கள் ஐரோப்பாவில் தலைகாட்டின. 2009ஆம் ஆண்டுக்குள் பருவகால எச்1என்1 வைரஸ்களில் ஏறக்குறைய எல்லாமே அவ்வாறு மாறிவிட்டன. அவ்வாண்டில் தோன்றிய புதிய எச்1என்1 வைரஸ் பழையதை ஒதுக்கிவிட்டு அதன் இடத்தைப் பிடித்தது. இப்புதிய வைரஸ் ஓசல்டாமிவிருக்குப் பெரும்பாலும் அடங்கியது நமது நல்லூழ் என்றே கூற வேண்டும். அப்படியிருந்தும், 2015ஆம் ஆண்டில் நமது நாட்டில் இதனால் சுமார் 3,000 பேர் மாண்டனர். நல்லூழை நம்பிப் பொதுச் சுகாதாரத்தை நடத்த இயலாது.

ஆகவே, முற்றிலும் வேறு வழியில் செயற்படும் மருந்துகள் வேண்டும். அவ்வழிகளுள் ஒன்று, வைரஸின் உடலிலிருந்தே எடுத்த சிறு புரதத் துண்டுகளைக் கொண்டு வைரஸைத் தடுப்பது. இது கற்பனையன்று, ஒரு நோயில் ஏற்கெனவே கைகூடியது. இன்புளூயன்சாவிலும் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. நமது நாட்டு விஞ்ஞானிகளும் இதையொட்டிய துறையில் குறிப்பிடத்தக்க வேலை செய்துள்ளனர். ஆயினும் அவ்வேலை ஆராய்ச்சிச் சாலையின் வாயிலோடு நின்றுவிடுகிறது. அதனை மருத்துவமனை வரை கொண்டு செல்லும் பொறுப்பைப் பொதுப் பணமும் பொது நிறுவனங்களும் ஏற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வைரஸ் புகும் வழி

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்த சிறிய சங்கிலி. நீண்ட சங்கிலியைப் புரதம் என்கிறோம். தமிழில் இதனைப் புரதச் சிறுதொடர் என வழங்குதல் பொருந்தும். வகுப்பறையில் இச்சொல்லே போதுமானது.

இன்புளூயன்சா வைரஸின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்னும் புரதம் முட்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அம்முள்ளுக்குத் தலையும் தண்டும் உண்டு. தலை, நமது மூச்சுக்குழாய் உயிரணுக்களின் மேலுள்ள சயாலிக் அமிலத்தைப் பற்றிக்கொள்கிறது. உடனே உயிரணு, தனக்கு வேண்டிய பொருள் ஏதோ வந்ததென எண்ணியதுபோல், வைரஸை ஒரு சிறு பைக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைக்குள் அமிலத்தன்மை மிகுந்தவுடன், இதுவரை மடங்கிக் கிடந்த தண்டுப் பகுதி வில் தெறித்தாற்போல் நிமிர்ந்து, பையின் சுவரில் தைக்கிறது. பின்னர் மறுபடியும் மடிந்து, வைரஸின் உறையையும் பையின் சுவரையும் அருகருகே இழுத்து ஒன்றாக்கிவிடுகிறது. அவ்வாறு உண்டான துளையின் வழியே வைரஸின் எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகளும் உயிரணுவுக்குள் இறங்குகின்றன.

இறங்கியபின் அவற்றைப் படியெடுக்க ஓர் இயந்திரம் வேண்டும். அது பி.பி.1, பி.பி.2, பி.ஏ. என்னும் மூன்று புரதங்கள் சேர்ந்த கூட்டு. இவற்றுள் பி.பி.1 புரதத்தின் நுனி, பி.ஏ. புரதத்தின் குழிவில் செருகப்பட்டாலன்றி அவ்வியந்திரம் இயங்காது. வண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி எப்படியோ அப்படியே இச்செருகல்.

வைரஸின் வாழ்வு இவ்வாறு ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும் பகுதிகளைச் சார்ந்திருக்கிறது. பொருந்த வேண்டிய இடத்தில் வேறொன்று முன்னதாகவே புகுந்து அடைத்துக்கொண்டால் காரியம் கெடும். எந்தப் பொருள் அவ்விடத்தில் மிகச் சரியாக அடையும்? அங்கே இயற்கையாகப் பொருந்தும் அதே பகுதியின் நகல்தான். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம் முன்னோர் கூறியதன் விஞ்ஞான வடிவம் இதுவே. சாவியின் நுனி முறிந்து பூட்டுக்குள் சிக்கிக்கொண்டால், முழுச் சாவியும் அதன்பின் நுழையாதல்லவா? வைரஸின் துண்டும் அம்முறிந்த நுனியைப் போன்றதே.

வைரஸின் பகுதியையே உடலில் செலுத்தினால் நோய் வாராதோ என்ற ஐயம் பலருக்கு எழும், மாணவரும் கேட்பர். விடை எளிது. நோயை உண்டாக்குவது வைரஸின் மரபுப் பொருள், அதுதான் பெருகுவது. சிறுதொடரில் மரபுப் பொருள் இல்லை. அது தானே பெருகாது. அதைச் செய்ய வைரஸைப் பிடித்து வெட்ட வேண்டியதும் இல்லை. அமினோ அமிலங்களின் வரிசை தெரிந்தால், இரசாயன முறையில் ஒவ்வொன்றாகக் கோத்து அதனை உண்டாக்கிவிடலாம். இம்முறையை அமெரிக்க விஞ்ஞானி மெரிஃபீல்டு 1963ஆம் ஆண்டில் வெளியிட்டு, 1984இல் நோபல் பரிசு பெற்றார்.

கைகூடியதும் கூடாததும்

இவ்வகையில் வெற்றி கண்ட முதல் மருந்து என்ஃபுவிர்டைடு. எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. வைரஸின் மேற்புரதத்திலிருந்து எடுத்த 36 அமினோ அமிலங்களின் வரிசையே இம்மருந்து. வைரஸ் உயிரணுவோடு ஒன்றும்போது மடிய வேண்டிய பகுதி மடியாதபடி இது இடையில் புகுந்து தடுக்கிறது. 2003ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்க அரசின் அனுமதி இதற்குக் கிடைத்தது. ஆனால் நாள்தோறும் இருமுறை தோலுக்கடியில் ஊசி போட வேண்டும். ஊசி போட்ட இடம் வீங்கி வலிக்கும். விலையோ மிக அதிகம். பின்னர் எளிதாக விழுங்கத்தக்க மாத்திரைகள் பெருகவே, இதன் உபயோகம் குறைந்தது. கொள்கை வென்றது; ஆனால் அதன் நடைமுறைச் சுமையை நோயாளி தாங்க வேண்டியிருந்தது.

இன்புளூயன்சாவில் இதே கொள்கையைப் பின்பற்றினோர் ஒரு தனி இடையூற்றைச் சந்தித்தனர். எச்.ஐ.வி. பெரும்பாலும் உயிரணுவின் வெளிப்புறத்திலேயே ஒன்றுவதாகக் கருதப்பட்டு வந்தது. இன்புளூயன்சா வைரஸோ உள்ளே இழுக்கப்பட்ட பைக்குள் ஒன்றுகிறது. வெளியே மிதக்கும் மருந்து பூட்டிய அறைக்குள் நடப்பதைத் தடுப்பது எங்ஙனம்? 2011ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், ஹீமக்ளூட்டினினின் தண்டிலிருந்து எடுத்த சிறுதொடரோடு கொலஸ்டிரால் மூலக்கூறு ஒன்றை இணைத்தனர். கொலஸ்டிரால் உயிரணுவின் உறையோடு ஒட்டிக்கொள்வதால், உறை உள்மடிந்து பையாகும்போது சிறுதொடரும் உடன்சென்று, தண்டு பாதி நிமிர்ந்த நிலையிலேயே அதனைப் பிடித்து நிறுத்தியது. திருடனோடு காவலாளும் வீட்டுக்குள் நுழைவது போன்ற இவ்வுபாயம் மெச்சத்தக்கது.

மற்றொரு முயற்சியில், ஹீமக்ளூட்டினினின் ஒரு பகுதியை ஒத்த 16 அமினோ அமிலத் தொடர், மூக்கு வழியாகச் செலுத்தும் மருந்தாக அமைக்கப்பட்டு, மனிதரிடையே தொடக்கநிலைச் சோதனை வரை சென்றது. ஜெர்மானிய விஞ்ஞானிகளோ படியெடுக்கும் இயந்திரத்தின் கடையாணியைக் குறிவைத்தனர்: பி.பி.1 புரதத்தின் நுனியிலுள்ள 25 அமினோ அமிலங்களின் நகல், உண்மையான நுனி செருகப்படாமல் தடுக்கிறது என 2007இல் காட்டினர். மறு ஆண்டே அச்செருகலின் முப்பரிமாண அமைப்பை இரு குழுவினர் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டனர். இந்நுனி மிகக் குறைவாகவே மாறுவது. ஆதலால் பலவகை இன்புளூயன்சா 'ஏ' வைரஸ்களுக்கும் இது பொதுவான இலக்காகும்.

இத்தனையும் செய்தும், இவ்வழியில் வந்த இன்புளூயன்சா மருந்து எதுவும் இன்று மருந்துக் கடைகளில் இல்லை. இதன் காரணத்தைப் பின்னர் காண்போம்.

நமது நாட்டின் பங்கு

சிறுதொடர் ஆராய்ச்சியில் நமது நாடு பின்தங்கியதன்று. சிறுதொடர்கள் எவ்வெவ்வாறு மடிய இயலும், எவ்வெவ்வாறு மடிய இயலாது என்பதை ஒரே வரைபடத்தில் காட்டியவர் ஜி. என். இராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக் கழகத்தில் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்ட அவ்வரைபடத்தை இன்றும் உலகெங்கும் புரத ஆராய்ச்சியாளர் அன்றாடம் கையாள்கின்றனர். அவரே பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார்.

அதே பிரிவைச் சேர்ந்த இராகவன் வரதராஜனும் அவருடைய குழுவினரும் 2010ஆம் ஆண்டில், அடிக்கடி மாறும் தலையை நீக்கி ஹீமக்ளூட்டினினின் தண்டுப் பகுதியை மட்டும் வடிவமைத்து, பாக்டீரியாவில் விளைவித்து, அதனைத் தடுப்பூசியாகப் பெற்ற எலிகள் இன்புளூயன்சாவிலிருந்து தப்பியதைக் காட்டினர். இது மருந்தன்று, தடுப்பூசியே; எனினும் வைரஸின் துண்டை வைரஸுக்கு எதிராகத் திருப்பும் எண்ணம் இதிலும் உண்டு. அப்பிரிவிலேயே ஜெயந்த சட்டர்ஜியின் குழுவினர், கோவிட் வைரஸின் முட்புரதத்தைப் பற்றி, இரண்டு முட்களை ஒன்றோடொன்று பிணைத்துச் செயலற்றதாக்கும் சிறிய சுருள் தொடர்களை வடிவமைத்து 2022இல் வெளியிட்டனர். அவை வெள்ளெலி போன்ற ஹாம்ஸ்டர்களுக்குக் காப்பளித்தன; குளிர்ப்பெட்டியின்றிச் சாதாரண அறை வெப்பத்தில் பல மாதங்கள் கெடாமலும் இருந்தன. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் கிராமச் சுகாதார நிலையத்தைக் கண்டவர்களுக்குப் பின்னது எத்துணைப் பெரிய நன்மை என்பது விளங்கும்.

இன்புளூயன்சாவுக்கு எதிராக நேரே செயற்படும் சிறுதொடர் ஒன்றையும் நம்மவர் கண்டனர். திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த் தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி அது. 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியாயிற்று. கேரளத்தில் வாழும் ஒருவகைத் தவளையின் தோலில் சுரக்கும் நீரிலுள்ள சிறுதொடர்கள் 32ஐ ஆராய்ந்ததில், நான்கு இன்புளூயன்சா வைரஸைத் தாக்கின. அவற்றுள் மூன்று மனிதரின் இரத்தச் சிவப்பணுக்களுக்கும் தீங்கு விளைத்தன. ஒன்று மட்டும் தீங்கின்றி இருந்தது. கேரளத்துப் போர்க்கலையில் வழங்கும் உருமி என்னும் சுருள்வாளின் பெயரையொட்டி அதற்கு 'உருமின்' எனப் பெயரிட்டனர். அது எச்1 வகை ஹீமக்ளூட்டினினின் தண்டைப் பற்றி வைரஸைச் சிதைப்பதாகக் கண்டனர். மூக்கு வழியே அதனைப் பெற்ற எலிகளுள் பல, உயிர்போக்கும் அளவு வைரஸைச் செலுத்தியும் பிழைத்தன. பழைய மருந்துகளுக்கு அடங்காத எச்1 வைரஸ்களையும் அது அடக்கியது. ஆனால் எச்3 வகையின்மீது அதன் ஆற்றல் செல்லவில்லை.

உருமின் வைரஸிலிருந்து வந்ததன்று, தவளையிடமிருந்து வந்தது. எனினும் முன்சொன்ன செயற்கைத் துண்டுகள் குறிவைக்கும் அதே தண்டையே அதுவும் குறிவைக்கிறது. மனிதன் கணக்கிட்டு அடைந்த இடத்தை இயற்கையும் வேறொரு வழியாக வந்து அடைந்திருப்பது, அவ்விலக்கு சரியானது என்பதற்கு ஒரு நற்சான்று.

இடையில் நிற்கும் சுவர்

இவ்வளவு இருந்தும் மருந்து ஏன் வரவில்லை? விஞ்ஞானக் காரணங்கள் சில உண்டு. உணவிலுள்ள புரதத்தைச் செரிப்பதுபோலவே வயிறு சிறுதொடரையும் செரித்துவிடும். ஆதலால் விழுங்கிப் பயனில்லை. இரத்தத்தில் செலுத்தினாலும் நொதிகள் விரைவில் அதனை நறுக்கிவிடும், சிறுநீரகம் வெளியேற்றிவிடும். உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பதும் உண்டு. மேலும், வைரஸ் இதற்கும் தப்பி மாறக் கூடும்; என்ஃபுவிர்டைடிலேயே இது நிகழ்ந்தது. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆனால் எதுவும் கடக்க முடியாததும் அன்று. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் வாழும் வைரஸுக்கு எதிரான மருந்தை அவ்விடத்திலேயே தெளித்தால் வயிற்றையும் இரத்தத்தையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். தொடரின் இரு முனைகளை இணைத்து வளையமாக்கியும், கொழுப்பு அமிலத்தை ஒட்டியும் அதன் ஆயுளை நீட்டலாம். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து வைரஸ் தப்பும் வழியைக் குறைக்கலாம். காசநோய்ச் சிகிச்சையில் நாம் நெடுங்காலமாகச் செய்து வருவது இதுவே.

இச்சுவரின் பெரும்பகுதி பொருளாதாரத்தால் ஆனது. அதனை அறியப் பொம்மசந்திராவைப் பார்த்தால் போதும்.

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் தாலுக்காவில், தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னர் உள்ளது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்டு முதல் நகரின் மெட்ரோ ரயிலும் அதுவரை செல்கிறது. இங்கே வளாகம் அமைத்துள்ள பயோகான் நிறுவனம், 51 அமினோ அமிலங்கள் கொண்ட மனித இன்சுலினை ஈஸ்ட் வகையொன்றில் விளைவித்து 2004ஆம் ஆண்டில் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீரிழிவுக்கான லிராகுளூடைடு என்னும் 31 அமினோ அமிலச் சிறுதொடருக்கு 2024ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசின் அனுமதியையும் அந்நிறுவனம் பெற்றது. லிராகுளூடைடில் ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டப்பட்டுள்ளது. அதனாலேயே அது உடலில் விரைவில் அழியாது நிலைக்கிறது. இன்புளூயன்சாச் சிறுதொடருக்கு எந்த உபாயம் வேண்டுமென்று மேலே சொன்னோமோ, அதே உபாயம் வேறொரு நோய்க்காக ஏற்கெனவே தொழிலாக நடந்து வருகிறது! சிறுதொடரை விளைவித்தல், தூய்மை செய்தல், ஒவ்வொரு தொகுதியையும் சோதித்தல், உலகச் சந்தை ஏற்கும் தரத்தில் அளித்தல் ஆகிய திறமைகள் யாவும் இம்மண்ணில் உள்ளன. ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானக் கழகமும் அதே நகரில் இருக்கிறது.

அவ்வாறாயின் இவ்விரண்டும் ஏன் இணையவில்லை? நீரிழிவு நோயாளி வாழ்நாள் முழுவதும் மருந்து வாங்குகிறார். இன்புளூயன்சா நோயாளிக்கு ஐந்து நாள் போதும். ஓராண்டில் நோய் மிகும், மறு ஆண்டில் தணியும். பெருந்தொற்று எப்போது வருமென ஒருவரும் கூற இயலாது. ஆகவே எந்த வணிக நிறுவனமும் தன் முதலை இதில் எளிதில் இடாது. இதற்காக நிறுவனங்களைக் குறை கூறுவது பொருந்தாது. இலாபம் நாடுவது வணிகத்தின் இயல்பு. தீயணைக்கும் படையை எந்த வியாபாரியும் நடத்துவதில்லை. நகரசபையும் அரசாங்கமுமே நடத்துகின்றன. தீ எரியாத நாளிலும் அதற்குச் சம்பளம் தருகின்றன. பெருந்தொற்றுக்கான மருந்தும் அத்தகைய ஒரு பொதுக் காவலே.

ஆதலால் செய்யத்தக்கவை மூன்று எனக் கருதுகிறோம். முதலாவது, அரசாங்க ஆராய்ச்சிச் சாலையில் எலிக்கு நன்மை செய்ததாகக் காணப்பட்ட ஒவ்வொரு சிறுதொடரையும், அடுத்த படிகளான நச்சுத்தன்மைச் சோதனை, ஃபெரெட் என்னும் கீரி போன்ற பிராணியில் சோதனை, அளவு நிர்ணயம் ஆகியவற்றுக்குத் தாமாகவே கொண்டுசெல்லும் நிலையான நிதி வேண்டும். இன்புளூயன்சாவை மனிதரைப் போலவே அடையும் பிராணி ஃபெரெட். 1933இல் மனித இன்புளூயன்சா வைரஸ் முதன்முதலாகத் தனியே பிரித்தறியப்பட்டதும் அதனைக் கொண்டே. இரண்டாவது, பொம்மசந்திரா போன்ற இடங்களிலுள்ள உற்பத்தித் திறமையை, குறித்த அளவு வாங்கிக்கொள்வதாக அரசாங்கம் முன்கூட்டியே உறுதி கூறிப் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது, மனிதர்மீதான முதற்கட்டப் பாதுகாப்புச் சோதனை வரை முடித்த சில மருந்துகளையேனும் பெருந்தொற்று வருமுன்பே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுதும் வெறுங்கையோடு நின்றதை நாம் மறக்கலாகாது.

மறுப்புகளுக்கு விடை

தடுப்பூசி இருக்க மருந்து எதற்கு என்பர் சிலர். தடுப்பூசி தேவையே, அதற்கு மாற்றாக இதனைக் கூறவில்லை. ஆனால் வைரஸின் தலை மாறிக்கொண்டே இருப்பதால் இன்புளூயன்சாத் தடுப்பூசியை ஆண்டுதோறும் திருத்த நேருகிறது. நமது நாட்டில் அதனைப் போட்டுக்கொள்வோரும் மிகச் சிலரே. புதிய பெருந்தொற்று எழுந்தால் அதற்குரிய தடுப்பூசி போதிய அளவில் கிடைக்கப் பல மாதங்கள் ஆகும். அம்மாதங்களில் மருத்துவமனைக்கு வருவோருக்கு என்ன கொடுப்பது?

காசநோயும் மலேரியாவும் இருக்க இன்புளூயன்சாவுக்குச் செலவிடுவது தகுமா என்பர் வேறு சிலர். இது நேர்மையான வினா. காசநோய்க்குரிய பணத்தை இதற்கு மாற்ற வேண்டுமென எவரும் கூறார். ஆனால் சிறுதொடர் முறை ஒரே நோய்க்கு உரியதன்று. இன்புளூயன்சாவில் கற்ற வேலை கோவிட் போன்ற நோய்களுக்கும், இன்னும் பெயரிடப்படாத வைரஸ்களுக்கும் உதவும். கிணறு வெட்டும் செலவை ஒரு குடம் நீரின் விலையோடு ஒப்பிடலாகாது.

சொல்லில் காக்க வேண்டிய நேர்மை

விஞ்ஞானச் செய்திகளைத் தமிழில் தருவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இங்கு ஒன்று கூற விரும்புகிறேன். இத்துறையின் செய்திகள் பத்திரிகைகளில் வரும்போது 'எலிகளில்' என்னும் ஒரு சொல் பெரும்பாலும் தலைப்பிலிருந்து மறைந்துவிடுகிறது. 'தடுத்தது' என்பது 'குணப்படுத்துகிறது' என்றாகிறது. இறந்தகாலம் நிகழ்காலமாகிவிட்டால், மூன்று படி கீழே நிற்கும் ஆராய்ச்சி, மருந்துக் கடையில் கிடைப்பதுபோல் தோன்றும். அதனை நம்பியவர் ஏமாறுவர். ஏமாந்தவர் அடுத்தமுறை உண்மையையும் நம்பார்.

'வைரஸ்கொல்லி' என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. பாக்டீரியாவைப் போல வைரஸ் தனியே உயிர்வாழ்வதன்று. ஆகவே அதனைக் 'கொல்வது' என்பது பெரும்பாலும் உருவகமே. நாம் கண்ட சிறுதொடர்களிற் பல எதையும் கொல்வதில்லை. ஒரு பொருத்தத்தைக் குலைத்து, வைரஸை வாயிலில் நிறுத்துகின்றன. 'வைரஸ் தடுப்பி' என்றால் பொருள் சரியாகும். தடுப்பி என்றால், வைரஸ் உயிரணுக்களில் பெருகுவதற்கு முன் கொடுத்தால்தான் பயன் என்பதும் தானே விளங்கும். ஓசல்டாமிவிர் நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிகுந்த பயன் தரும் என்பதற்கும் காரணம் இதுவே.

களப்பணியாளரும் ஆசிரியரும்

மருந்து வரும்வரை நாம் செய்ய ஒன்றுமில்லையா? நிரம்ப உண்டு. எந்தச் சிறுதொடர் எந்த வைரஸைத் தடுக்கும் என்பதை அறிய, நமது ஊர்களில் எவ்வகை வைரஸ் உலவுகிறது என்பது தெரிய வேண்டும். எச்1ஐ அடக்கும் உருமின் எச்3ஐ அடக்காதது இதற்குச் சான்று. காய்ச்சல் நோயாளியின் தொண்டைப் பூச்சை உரிய குளிர்ச்சியில், உரிய நாளில், சரியான குறிப்புடன் ஆய்வுச் சாலைக்கு அனுப்பும் சுகாதாரப் பணியாளரின் வேலை, மருந்து ஆராய்ச்சியின் முதற்படியே ஆகும். 2006ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் கண்டது முதல், கால்நடைப் பணியாளருக்கும் இதில் பங்கு உண்டு. கோழிகள் கூட்டமாக மடிந்தால் அதனை மறைக்காமல் உடனே அறிவிக்கும்படி விவசாயிகளைத் தூண்டுவது அவர்கள் கடமை.

உருமின் பற்றிய செய்தியை அறிந்தவர் எவரேனும் தவளையைப் பிடித்து மருந்தாகக் கொள்ள முற்பட்டால் அதனைத் தடுக்க வேண்டும். தவளைத் தோலின் நீரில் நஞ்சும் கலந்திருக்கும். ஆராய்ந்த நான்கில் மூன்று இரத்த அணுக்களுக்குத் தீங்கு செய்தவை என்பதை நினைவில் கொள்க. ஆராய்ச்சிக்கு வேண்டியது தவளையன்று, அதன் சிறுதொடரின் வரிசை மட்டுமே. அவ்வரிசை தெரிந்தபின் சோதனைச் சாலையிலேயே அதனைச் செய்துகொள்ளலாம். ஆயினும், அத்தவளை வாழும் நீர்நிலையும் வயலும் அழிந்திருந்தால் அவ்வரிசையே நமக்குத் தெரிந்திராது. இயற்கையைக் காத்தல் ஏன் என்னும் பாடத்துக்கு ஆசிரியருக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், புரதத்தின் அமைப்பைக் கற்பிக்கும் நாளில், மணி கோத்த கயிறு ஒன்றைக் கொண்டே சிறுதொடரின் கருத்தை விளக்கலாம். அம்மணிகளின் வரிசையால் அதன் மடிப்பும், மடிப்பால் அதன் பொருத்தமும் அமைவதைக் காட்டலாம். பின்பு, கண்ணாடித் தட்டு, எலி, ஃபெரெட், மனிதன் என்னும் நான்கு படிகளையும் கரும்பலகையில் எழுதி, நாளிதழில் வரும் ஒவ்வொரு மருந்துச் செய்தியும் எப்படியில் நிற்கிறதென மாணவரையே கூறச் சொல்லலாம். இப்பழக்கம் ஏற்பட்ட மாணவன் பொய்ச் செய்திக்கும் போலி மருத்துவனுக்கும் எளிதில் இரையாகான். மெய்யான ஆராய்ச்சிக்குப் பொறுமையோடு ஆதரவளிக்கும் குடிமகனாகவும் வளர்வான்.

1957இல் சென்னைக்கு வந்ததுபோல் மற்றொரு காய்ச்சல், கப்பலிலோ விமானத்திலோ, ஒருநாள் வரவே செய்யும். அன்று நமது மருத்துவர் கையில் என்ன இருக்கும் என்பது, அமைதியான இவ்வாண்டுகளில் நாம் எதற்குப் பணம் ஒதுக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. இராமச்சந்திரனின் வரைபடம் முதல் உருமின் வரை அறிவு நம்மிடம் உண்டு. பொம்மசந்திராவில் கைத்திறன் உண்டு. இரண்டையும் இணைக்கும் பாலத்தைக் கட்டுவது அரசாங்கத்தின் கடமை. அதனைக் கட்டும்படி கேட்பது, விஷயம் அறிந்த நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.